தீவுக் கோப்பையின் முறையில் வடாற்காட்டில் ஒரு கால்பந்துப் போட்டி நடத்துவது எப்படி

கரீபியன் கடல் பகுதியின் கால்பந்துச் சங்கங்களுக்கென்று 1997 முதல் ஒரு போட்டி நடந்துவந்தது; 2023 இல் அதன் இடத்துக்கு, வட, மத்திய அமெரிக்க, கரீபியன் நாடுகளின் கால்பந்துக் கூட்டமைப்பான கான்காகாஃப் நடத்தும் கரீபியன் கோப்பை வந்தது. ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்குப் பதினெட்டு வீரர்களை விமானத்தில் ஏற்றி அனுப்புவது சிறிய சங்கத்துக்குப் பெருஞ்செலவு என்பதால், இந்தக் கோப்பையின் அமைப்பு முழுவதையும் பயணம்தான் தீர்மானிக்கிறது. பத்துச் சங்கங்கள், ஐந்தைந்தாக இரண்டு பிரிவுகள், ஒவ்வொரு சங்கத்துக்கும் சொந்த மைதானத்தில் இரண்டு ஆட்டம், வெளியூரில் இரண்டு ஆட்டம், பிறகு அரையிறுதி என்பது அதன் கட்டுமானம். அரக்கோணத்திலிருந்து ஜோலார்பேட்டை வரை ரயில் பாதையை ஒட்டியும் மலைகளின் மேலும் சிதறிக் கிடக்கும் நம் பகுதிச் சங்கங்களுக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பை நான் கண்டதில்லை. நம் ஊர்களில் நடப்பவை பெரும்பாலும் நாக் அவுட் போட்டிகள். வேன் வாடகை கொடுத்து வந்த அணி, காலை ஒன்பது மணிக்குத் தோற்றுப் பதினொரு மணிக்கெல்லாம் ஊர் திரும்பிவிடுகிறது.

முதலில் முடிவு செய்ய வேண்டியது, யாரெல்லாம் ஆடலாம் என்பது. கரீபியன் கோப்பையிலேயே ‘தீவு’ என்ற சொல்லை அகராதிப்படி எடுத்துக்கொள்வதில்லை. தென்னமெரிக்க நிலப்பரப்பில் இருக்கும் சுரினாமும் கயானாவும் அந்தக் குடும்பத்தில்தான் சேர்கின்றன, 2023 இல் கோப்பையை வென்றதே சுரினாமின் ராபின்ஹுட் சங்கம்தான். நமக்கும் அதே சிக்கல் உண்டு. 1989 இல் திருவண்ணாமலை பிரிந்தது. 2019 இல் வேலூர் மாவட்டத்திலிருந்து இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. ‘வேலூர் மாவட்ட அணிகள்’ என்று மட்டும் துண்டறிக்கையில் அச்சடித்தால் ஆம்பூர்க்காரரும் ஆற்காட்டுக்காரரும் வெளியே நிற்பார்கள். ‘வடாற்காடு’ என்று அச்சடித்தால் ஆரணியும் செய்யாறும் உரிமையோடு வந்து கேட்கும். எனவே தகுதி உள்ள வட்டங்களின் பெயர்களை ஒன்றுவிடாமல் எழுதிவிட வேண்டும். ஜவ்வாது மலையின் ஒரு பக்கம் திருப்பத்தூர் மாவட்டம், மறு பக்கம் திருவண்ணாமலை மாவட்டம் என்பதால், மலைச் சங்கங்களைத் தனி வரியில் குறிப்பிடுவது நல்லது.

அடுத்தது அட்டவணை. பெரும்பாலான விழாக் கமிட்டிகள் தடுமாறுவது இங்கேதான் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். காட்பாடியை எல்லையாக வைத்துக் கிழக்குப் பிரிவு, மேற்குப் பிரிவு என்று பிரித்துக்கொண்டால், பிரிவு ஆட்டங்களுக்கு யாரும் வெளியூரில் இரவு தங்க வேண்டியிராது. கிழக்கில் அரக்கோணம், சோளிங்கர், வாலாஜாபேட்டை, ஆற்காடு, காட்பாடி என்று ஐந்து சங்கங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். குலுக்கல் முறையில் அவற்றுக்கு 1 முதல் 5 வரை எண் கொடுத்து, அந்த எண்களை வட்டமாக எழுதுங்கள். ஒவ்வொரு எண்ணும் தனக்கு அடுத்த இரண்டு எண்களைத் தன் ஊருக்கு அழைக்கும். தனக்கு முந்தைய இரண்டு எண்களின் ஊருக்குத் தான் போகும். அதாவது 1 இன் ஊருக்கு 2, 3 வருவார்கள். 4 இன் ஊருக்கு 5, 1 வருவார்கள். இப்படி அமைத்தால் எல்லாருக்கும் இரண்டு உள்ளூர் ஆட்டமும் இரண்டு வெளியூர் ஆட்டமும் தாமாகவே அமைந்துவிடும்; எங்களுக்கு மட்டும் ஏன் மூன்று பயணம் என்று யாரும் சண்டைக்கு வர முடியாது.

பத்து ஆட்டங்களை ஐந்து வாரங்களுக்குப் பங்கிடவும் ஓர் எளிய கணக்கு இருக்கிறது. மோதும் இரண்டு எண்களையும் கூட்டி ஐந்தால் வகுத்தால் ஒரே மீதி வரும் ஆட்டங்களை ஒரே வாரத்தில் வைக்க வேண்டும். 1–4, 2–3 ஆகிய இரண்டின் கூட்டுத்தொகையும் 5 என்பதால் அவை ஒரு வாரம், அன்று 5 ஆம் எண்ணுக்கு ஓய்வு. 2–4, 5–1 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 6 என்பதால் அவை இன்னொரு வாரம், அன்று 3 ஆம் எண்ணுக்கு ஓய்வு. கடைசி வாரத்தின் இரண்டு ஆட்டங்களும் ஒரே மணிக்குத் தொடங்க வேண்டும். 1982 உலகக் கோப்பையில் அல்ஜீரியா தன் ஆட்டங்களை முடித்துவிட்ட மறுநாள், இருவருக்கும் சாதகமான ஒரு கோல் விழுந்த பின் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் பந்தை உருட்டிப் பொழுதைக் கழித்ததால்தான் உலகமே அந்த வழக்கத்துக்கு வந்தது. ஐந்து அணிப் பிரிவில் கடைசி வாரம் ஓய்வில் இருக்கும் சங்கம் வெறும் பார்வையாளராக உட்கார்ந்திருக்க நேரும். அந்தக் குறையை முழுதும் நீக்க வழியில்லை, அந்த ஓய்வு யாருக்கு என்பதை எல்லார் முன்னிலையிலும் குலுக்கிப் போடுவதோடு நிறைவடைய வேண்டியதுதான்.

தேதி குறிக்கும்போது பஞ்சாங்கத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை. சித்திரையிலும் அக்கினி நட்சத்திரத்திலும் வேலூர் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும். தையும் மாசியும் தட்பவெப்பத்துக்கு ஏற்றவை என்றாலும் அப்போதுதான் ஊருக்கு ஊர் எருது விடும் விழா நடக்கிறது. காலையில் காளையோடு ஓடிய பையனை மாலையில் பந்தோடும் ஓடச் சொல்ல முடியாது. வைகாசி முதல் நாள் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா என்பதால் அன்று அந்தப் பக்கம் ஆட்டம் வைப்பது வீண். மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு அணிகள் இருந்தால் வெள்ளி நண்பகல் ஆட்டம் கூடாது. ரமலான் மாதத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லாம் கழித்துப் பார்த்தால், என் கணக்கில் ஆடி, ஆவணி மாதங்களின் ஞாயிற்றுக்கிழமை மாலைகளே மிஞ்சுகின்றன.

விதிமுறைகளை அட்டவணைக்கு முன்பே எழுதி, பத்துச் சங்கங்களிடமும் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். வெற்றிக்கு மூன்று புள்ளி, சமனுக்கு ஒன்று. புள்ளி சமமானால் கோல் வித்தியாசம், அடுத்து அடித்த கோல்கள், அடுத்து அந்த இருவரும் மோதிய ஆட்டத்தின் முடிவு, அதற்கும் பிறகுதான் குலுக்கல். இந்த வரிசையை எழுதிவைக்காத ஒரு போட்டியில் நான் கமிட்டியில் இருந்தேன். இரண்டு அணிகள் சமமாக நின்றபோது நாணயத்தைச் சுண்டினோம், தோற்ற ஊர்க்காரர்கள் அடுத்த மூன்று ஆண்டுகள் எங்கள் மைதானத்தை எட்டிப் பார்க்கவில்லை.

புதுமை செய்கிறேன் என்று விதியை வளைப்பது இதைவிட ஆபத்து. 1994 ஜனவரி 27 அன்று கரீபியன் நாடுகளுக்கான போட்டியின் தகுதிச் சுற்றில் பார்படோஸும் கிரெனடாவும் மோதின. எந்த ஆட்டமும் சமனில் முடியக் கூடாது என்றும், கூடுதல் நேரத்தில் விழுந்தவுடனேயே ஆட்டத்தை முடித்துவிடும் பொன் கோலுக்கு இரண்டு கோல் மதிப்பு என்றும் விதி செய்திருந்தார்கள். பார்படோஸ் முன்னேற இரண்டு கோல் வித்தியாசத்தில் வெல்ல வேண்டும். 2–0 என்று முன்னிலையில் இருந்தவர்கள் 83 ஆம் நிமிடம் ஒரு கோல் வாங்கினார்கள். மீதி நேரத்தில் இன்னொரு கோல் அடிப்பது கடினம் என்று கண்டு, தங்கள் கோலுக்குள்ளேயே பந்தை அடித்து ஆட்டத்தை 2–2 ஆக்கினார்கள். கூடுதல் நேரத்துக்குப் போனால் ஒரே அடியில் இரண்டு கிடைக்குமே! இதைப் புரிந்துகொண்ட கிரெனடா எந்தப் பக்கத்துக் கோலிலாவது பந்தைத் தள்ள முயல, பார்படோஸ் வீரர்கள் இரண்டு பக்கமும் நின்று தடுத்தார்கள். முடிவில் பொன் கோல் அடித்து 4–2 என வென்றவர்களும் அவர்களே. அன்று களத்தில் யாரும் விதியை மீறவில்லை. கேட்டைச் செய்தது விதியை எழுதியவரின் பேனா. அரையிறுதியும் இறுதியும் சமனானால் நேரே பெனால்டி ஷூட் அவுட்டுக்குப் போய்விடுங்கள்.

‘கெஸ்ட் பிளேயர்’ வழக்கத்துக்கும் ஒரு வரம்பு வேண்டும். ஒரு சங்கத்துக்கு இருபது பேர், அவர்களில் வெளியூரார் இருவர், முதல் ஆட்டத்துக்கு ஏழு நாள் முன்பு பட்டியல் மூடல் என்று வைத்துக்கொண்டால் போதும். அடையாள அட்டையை மைதானத்தில் சரிபார்த்துத் திருப்பிக் கொடுங்கள். நகலை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். பரிசுத் தொகையைவிட அடுத்த வாய்ப்பே அணிகளை நன்றாக ஆட வைக்கிறது என்பது கரீபியன் கோப்பையில் தெரிகிறது: அங்கே வென்றவர் கண்டத்தின் சாம்பியன்ஸ் கோப்பையில் நேரே கடைசிப் பதினாறுக்குப் போகிறார், இரண்டாம், மூன்றாம் இடத்தார் முதல் சுற்றில் நுழைகிறார்கள். அந்த வழியில் போன ஜமைக்காவின் கவாலியர் சங்கத்தோடு ஆட, மெஸ்ஸியின் இன்டர் மயாமி 2025 மார்ச்சில் கிங்ஸ்டனுக்கே வர வேண்டியிருந்தது. நம்மிடம் மெஸ்ஸி வரப்போவதில்லை; ஆனால் முதல் மூவருக்கு அடுத்த ஆண்டு நுழைவுக் கட்டணம் இல்லாத நேரடி இடம் என்று அறிவித்தால், மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தையும் உயிரைக் கொடுத்து ஆடுவார்கள்.

கடைசியாக மைதானம். பள்ளி மைதானமானால் தலைமையாசிரியரின் அனுமதியும், காவல் நிலையத்துக்கு ஒரு கடிதமும் முன்கூட்டியே வேண்டும். நீளம் 90 முதல் 120 மீட்டர், அகலம் 45 முதல் 90 மீட்டர் வரை விதி அனுமதிப்பதால் இருக்கிற இடத்துக்கு ஏற்பச் சுருக்கலாம், ஆனால் 7.32 மீட்டர் அகலமும் 2.44 மீட்டர் உயரமும் உள்ள கோலையும், 16.5 மீட்டர் பெனால்டிப் பகுதியையும், 11 மீட்டர் பெனால்டிப் புள்ளியையும் சுருக்கக் கூடாது. மூலை கோணலாகாமல் இருக்க, ஒரு முளையிலிருந்து கோட்டின் வழியே 3 மீட்டரிலும், அதன் குறுக்கே 4 மீட்டரிலும் இரண்டு முளை அடித்து, அந்த இரண்டுக்கும் இடையே கயிறு சரியாக 5 மீட்டர் வரும்வரை மூன்றாவது முளையை நகர்த்துங்கள். நடு வட்டத்துக்கு 9.15 மீட்டர்க் கயிற்றின் ஒரு முனையை ஆணியில் கட்டி, மறு முனையில் அடியில் துளையிட்ட டின்னில் சுண்ணாம்புத் தூளை நிரப்பிச் சுற்றி வந்தால் போதும். இதை ஆட்ட நாள் விடியற்காலையிலேயே முடித்துவிடுங்கள்; வெயில் ஏறிய பின் காற்று கிளம்பிவிடும், தூள் கோட்டில் நிற்காது.