நான்கு கிட், ஒரே மேசை: பாதியில் நிற்கும் ஸ்கேல் மாடல்களைச் சேர்த்துச் செய்யும் முறை

என் மேசையில் இன்று நான்கு கிட்டுகள், அதாவது பாகங்களை ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் மாடல்கள், பாதியில் இருக்கின்றன. 1941ஆம் ஆண்டின் இறுதியில் சிங்கப்பூரின் காலாங்கிலிருந்தும் செம்பவாங்கிலிருந்தும் பறந்த பிரூஸ்டர் பஃபலோ போர் விமானம் 1/48 அளவில் (உண்மை அளவில் 48இல் ஒரு பங்கு) ஒன்று. அதே ஆண்டு டிசம்பர் 8ஆம் தேதி இங்குள்ள கடற்படைத் தளத்திலிருந்து புறப்பட்டு, 10ஆம் தேதி மலாயாவின் குவாந்தானுக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்ட பிரிட்டனின் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் போர்க்கப்பல் 1/700 அளவில் ஒன்று. நம் ராணுவம் நெடுங்காலம் பயன்படுத்திய ஏஎம்எக்ஸ்-13 டாங்கி 1/35 அளவிலும், ஆகாயப் படையில் இருந்த ஸ்கைஹாக் 1/72 அளவிலும் இருக்கின்றன. மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே மேசையில் ஒன்பது கிட்டுகள் இருந்தன; அவற்றுள் ஒன்றுகூட நகரவில்லை.

அப்போது எண்ணிக்கைதான் குறை என்று நினைத்து, ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் என்று முடிவெடுத்துப் பார்த்தேன். அதுவும் சரிப்படவில்லை. இந்தக் கைவேலையில் பசை இறுகவும், இடைவெளி நிரப்பும் புட்டி காயவும், வண்ணம் உலரவும் காத்திருக்கும் நேரமே அதிகம். வேலை முடிந்து வீடு திரும்பி, இரவு ஒரு மணி நேரம் மட்டுமே உட்கார முடிகிற ஒருவர் அந்த ஒரு மணி நேரத்தையும் காத்திருப்பதிலேயே கழித்தால் ஆர்வம் வடிந்துவிடும். ஆகவே பல கிட்டுகளைச் சேர்த்துச் செய்வது நல்ல வழிதான். ஆனால் ஒவ்வொன்றையும் எந்த நிலையில் கீழே வைக்கிறோம் என்பதைப் பொறுத்தே அது மறுபடி கைக்கு வருமா, ஆண்டுக்கணக்கில் கிடந்துபோகுமா என்பது அமைகிறது. அந்த ஒன்றைச் சீர்செய்த பிறகு என் வேலை நடந்த விதத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். பாகங்களை வெட்டுவது, தேய்ப்பது, ஒட்டுவது ஆகியவற்றை நீங்கள் அறிவீர்கள் என்று கொண்டு அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதல் படி: நான்கைத் தேர்ந்தெடுங்கள்

பாதியில் உள்ளவற்றை எல்லாம் தரையில் பரப்பி, நான்கை மட்டும் மேசைக்கு எடுங்கள். மற்றவற்றை மூடிக் கட்டி வீட்டின் பாம் ஷெல்டரில் (பதுங்கு அறை) வைத்துவிடுங்கள். தேர்வில் ஒரே விதிதான் உண்டு: நான்கும் ஒரே கட்டத்தில் இருக்கக் கூடாது. நான்கும் வண்ணத்துக்குக் காத்திருந்தால், மழை தொடர்ந்து பெய்யும் வாரத்தில் உங்களுக்குச் செய்ய ஒன்றும் இராது. ஒன்று ஒட்டும் நிலையிலும், ஒன்று புட்டி நிலையிலும், ஒன்று வண்ணத்துக்கும், ஒன்று டெக்காலுக்கும் (நீரில் நனைத்து ஒட்டும் சின்னங்கள்) தயாராக இருந்தால் எந்த இரவிலும் ஏதாவது ஒரு வேலை கையில் இருக்கும். பிரிக்காத பையோடு அலமாரியில் இருக்கும் புதுக் கிட்டுகளை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. பையைப் பிரித்த நொடியில் அது ஐந்தாவதாகிவிடும்.

இரண்டாம் படி: ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி

தட்டையான மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிகள் போதும். டாய்சோ கடையில் கிடைப்பவையே எனக்கு நன்றாக உழைக்கின்றன. அளவை மட்டும் கவனித்து வாங்குங்கள். பஃபலோவின் இறக்கை நீளம் 1/48 அளவில் ஏறத்தாழ 22 செ.மீ., பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் 1/700 அளவில் ஏறத்தாழ 32 செ.மீ. ஏ4 தாள் அளவுப் பெட்டியில் விமானம் அடங்கிவிடும், ஆனால் கப்பலை நேராக வைக்க முடியாது. ஏ3 அளவில் வாங்கினால் எல்லாம் அடங்கும், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கவும் வசதியாக இருக்கும்.

வெட்டியெடுத்த பாகங்களைக் குறியிடாமல் ஒருபோதும் விடாதீர்கள். ஏறக்குறைய எல்லாக் கிட்டிலும் முதல் ஸ்ப்ரூவின் (பாகங்கள் கோத்திருக்கும் பிளாஸ்டிக் சட்டம்) பெயர் ‘ஏ’ என்றுதான் இருக்கும்; ஆகவே ஏ14 என்ற எண் உங்கள் நான்கு கிட்டிலும் இருக்க வாய்ப்பு உண்டு. ஒரு தீபாவளிக்கு முன் வீட்டைச் சுத்தம் செய்தபோது, மேசையில் தனித்தனிக் கிண்ணங்களில் இருந்த பாகங்களை அம்மா ஒரே டப்பாவில் கொட்டிப் பத்திரமாக எடுத்து வைத்தார். அவர்மேல் தவறில்லை, கிண்ணங்களில் எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. ஸ்கைஹாக்கின் ஆயுதந்தாங்கிகளையும் பஃபலோவின் சக்கரக் கதவுகளையும் பிரித்தறிய எனக்கு மூன்று இரவுகள் ஆயின. கப்பலின் சிறு பீரங்கி ஒன்று இன்றுவரை கிடைக்கவில்லை. இப்போது ஒவ்வொரு பாகமும் ஜிப் உறைக்குள் போகிறது, உறைமேல் கிட்டின் பெயரும் பாக எண்ணும் இருக்கின்றன. கண்ணாடிப் பாகங்களுக்கு (ஒளிபுகும் பிளாஸ்டிக்) தனி உறை வையுங்கள், டெக்கால் தாளுக்கும் தனி உறை வையுங்கள். ஆண்டு முழுவதும் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல் ஈரப்பதம் உள்ள இந்த ஊரில், பிரித்த டெக்கால் தாள் தன் மேலட்டையோடு ஒட்டிக்கொள்ளும். நிறம் மாறும் வகைச் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை உறைக்குள் போட்டுவிடுவது நல்லது.

மூன்றாம் படி: அடுத்த வேலைச் சீட்டு

ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு கெட்டி அட்டை இருக்கட்டும். மேசையை விட்டு எழும் முன், அடுத்து செய்ய வேண்டிய ஒரே ஒரு வேலையை அதில் எழுதுங்கள். “விமானத்தைத் தொடர வேண்டும்” என்று எழுதினால் பயனில்லை. “இடது இறக்கை மூட்டில் புட்டியைத் தேய்க்க வேண்டும், 600 எண் உப்புத்தாள், நீர் தொட்டு” என்று எழுதினால், மூன்று மாதம் கழித்து வந்தாலும் யோசிக்காமல் கை வைக்கலாம். வேலையைத் தொடங்கும்போது எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். முடிக்கும்போதுதான் எல்லாம் நினைவில் இருக்கும்.

வண்ணக் கலவைகளும் இந்தச் சீட்டில்தான் இருக்க வேண்டும்: எந்த நிறம் எத்தனை துளி, எந்த தின்னர் (வண்ணத்தை நீர்க்கச் செய்யும் திரவம்), எந்த பிரைமர் (அடிப்பூச்சு) மேல். கப்பலின் உருமறைப்புக்கு நானே கலந்த ஒரு பச்சைச் சாம்பலை எழுதி வைக்காமல் விட்டதால், மறுபக்கத்துக்கு அதே சாயலைக் கொண்டுவர முடியாமல் இரு பக்கங்களையும் மீண்டும் அடித்தேன். கலந்த வண்ணத்தைச் சிறு கண்ணாடிக் குப்பியில் மீதம் வைத்து, ஒரு பிளாஸ்டிக் கரண்டியில் அதே பிரைமர்மேல் அடித்துக் காயவைத்து, அதையும் பெட்டிக்குள் போட்டுவிடுங்கள். ஈரமான வண்ணமும் காய்ந்த வண்ணமும் ஒன்றுபோல் தெரியாது என்பதால், ஒப்பிடுவதற்குக் கரண்டிதான் நம்பகமானது.

நான்காம் படி: நிறுத்தும் இடம்

இந்தப் படியில்தான் நான் நெடுநாள் தடுமாறினேன், ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பஃபலோவின் விமானி அறைக் கூரையில் சட்டங்கள் ஏராளம். இரண்டு இரவுகள் உட்கார்ந்து ஒவ்வொரு கண்ணாடிக் கட்டத்துக்கும், வண்ணம் படாமல் மறைக்கும் மாஸ்கிங் டேப் வெட்டி ஒட்டினேன். மூன்றாம் இரவு சட்டங்களுக்கு வண்ணம் அடித்தேன். மறுநாள் டேப்பை எடுக்கலாம் என்று வைத்தேன். அந்த வாரமே தேசிய சேவைப் பயிற்சிக்குச் செல்ல வேண்டியிருந்தது, திரும்பியதும் அலுவலக வேலை சேர்ந்துகொண்டது, பிறகு வேறொரு கிட்டில் மனம் போனது. ஏழு மாதம் கழித்து, வெயில் படும் சன்னலோரத்தில் இருந்த அந்தக் கூரையை எடுத்து டேப்பை உரித்தபோது, அதன் பசை கண்ணாடியிலேயே படலமாகத் தங்கிவிட்டது. இரண்டு இடங்களில் சட்டத்தின் வண்ணமும் டேப்போடு பெயர்ந்து வந்தது. நல்ல டேப்தான், ஜப்பானியத் தாளால் ஆன மஞ்சள் டேப்தான். இன்றும் நான் அதைத்தான் பரிந்துரைப்பேன். ஆனால் எந்த டேப்பும் நம் வெப்பத்தில் மாதக்கணக்கில் ஒட்டியிருப்பதற்காகச் செய்யப்படவில்லை. பூசி உலர்த்தும் திரவ மாஸ்க்கும் அப்படியே. நாள்பட்டால் இறுகி, சட்டத்தின் மூலைகளிலிருந்து வர மறுக்கும்.

அதே நிலை உங்களுக்கு வந்தால், காது குடையும் பஞ்சுக் குச்சியில் லைட்டர் எரிநெய்யைச் சிறிதளவு தொட்டு, ஒரு நேரத்தில் ஒரு கட்டம் மட்டும் மெல்லத் துடையுங்கள். அருகில் நெருப்பு இருக்கக் கூடாது. முதலில் கண்ணாடி ஸ்ப்ரூவின் ஓரத்தில் சோதித்துப் பாருங்கள். லாக்கர் தின்னரையும் அசிட்டோனையும் அருகிலேயே கொண்டுவராதீர்கள். கண்ணாடிப் பிளாஸ்டிக் வெடிப்புவிட்டு வெளுத்துவிடும், அதைத் திருப்பவே முடியாது. பசை போன பிறகு மெருகுக் களிம்பால் தேய்த்தால் தெளிவு திரும்பும். பெயர்ந்த சட்டங்களுக்கு நான் மறுபடி டேப் ஒட்டவில்லை. வெற்று டெக்கால் தாளில் அதே வண்ணத்தை அடித்து, மெல்லிய கீற்றுகளாக வெட்டி ஒட்டினேன். அருகில் வைத்துப் பார்த்தாலும் வேறுபாடு தெரியவில்லை.

அன்றிலிருந்து, ஒரு கிட்டைக் காலவரையின்றி வைக்கக்கூடிய நிலைகள் எவை, வைக்கக் கூடாத நிலைகள் எவை என்று பிரித்துக்கொண்டேன். புட்டி பூசியபின் தாராளமாக வைக்கலாம். கரைப்பான் கலந்த புட்டி காயக் காயச் சுருங்கும் என்பதால் ஒரு வாரம் பொறுப்பதே நல்லது. பிரைமருக்குப் பின் வைக்கலாம். வண்ணம் அடித்து, டேப் முழுவதையும் எடுத்தபின் வைக்கலாம். டெக்கால் ஒட்டி, அதன்மேல் வார்னிஷ் அடித்தபின் வைக்கலாம். ஆனால் டேப்போடு வைக்காதீர்கள். வார்னிஷ் இல்லாத டெக்காலோடு வைக்காதீர்கள். தூசியும் விரல் எண்ணெயும் படிந்து ஓரங்கள் எழும்பும். எனாமல் வாஷ் (பள்ளங்களில் நிழல் காட்டப் பூசும் நீர்த்த வண்ணம்) பூசினால் அன்றே துடைத்துவிடுங்கள். சில நாள் போனால் அது முழுக்கக் காய்ந்து, துடைக்கும் போராட்டத்தில் அடியில் உள்ள வண்ணமே கிளம்பக்கூடும். சூப்பர் குளூவால் எதையேனும் ஒட்டிய கையோடு பெட்டியை மூடாதீர்கள். மூடிய இடத்தில் அதன் ஆவி கண்ணாடிப் பாகங்கள்மேல் வெண்மையாகப் படியும். ஓர் இரவு திறந்தே இருக்கட்டும்.

இரவில் ஒரு மணி நேரம்தான் கிடைக்கும் என்றால், அந்த நேரத்துக்குள் வைக்கத்தக்க நிலையை எட்ட முடியாத வேலையைத் தொடங்காதீர்கள். மாஸ்கிங்கை ஓய்வு நாளில் மட்டும் வைத்துக்கொண்டேன். ஒட்டுவது, அடிப்பது, உரிப்பது மூன்றும் ஒரே நாளில் முடிகின்றன.

ஐந்தாம் படி: எல்லாவற்றுக்கும் ஒரே வண்ண நாள்

ஏர்பிரஷ்ஷை (காற்றழுத்தத்தில் வண்ணம் தூவும் கருவி) எடுத்து, கழுவி, மூடி வைக்கும் உழைப்பு ஒரு கிட்டுக்கும் நான்கு கிட்டுக்கும் ஒன்றுதான். ஆகவே வண்ண வேலையைத் திரட்டி, இரு வாரத்துக்கு ஒரு முறை மொத்தமாகச் செய்யுங்கள். முதலில் பிரைமர் வேண்டியவை எல்லாம், பிறகு வெளிர் நிறங்கள், கடைசியில் அடர் நிறங்கள். லாக்கர் (கடும் கரைப்பானில் கரையும் வண்ணம்) நாளையும் நீரில் கரையும் வண்ணங்களின் நாளையும் கலக்காதீர்கள். வாயேஹோ போன்ற நீரில் கரையும் வண்ணத்தின் மிச்சம் குழலில் இருக்கும்போது லாக்கர் தின்னரை ஊற்றினால் அது பிசுபிசுவென்று திரண்டு முனையை அடைத்துவிடும்.

நம் ஊரில் நேரத் தேர்வும் முக்கியம். இரவும் விடியற்காலையும் குளிர்ச்சியாக இருப்பதால் ஏற்றவை என்று தோன்றும். உண்மையில் அப்போதுதான் ஈரப்பதம் உச்சத்தில் இருக்கும். மழையில்லாத நாளின் முற்பகல் முதல் பிற்பகல் வரையிலான நேரமே சிறந்தது. ஈரக் காற்றில் அடித்த லாக்கர் வார்னிஷ் பால்போல் வெளுத்தால் பதற வேண்டாம். வறண்ட நாளில் மிஸ்டர் லெவலிங் தின்னர் என்ற லாக்கர் தின்னரை மெல்லிய தூவலாக அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். அந்தத் தின்னரையே எப்போதும் பயன்படுத்துவது என் விருப்பம். அதில் உலர்வைத் தாமதப்படுத்தும் பொருள் இருப்பதால் வெளுப்பது குறைகிறது. கம்ப்ரசரின் நீர்ப்பொறியை (காற்றிலுள்ள ஈரத்தைப் பிடிக்கும் பகுதி), வேலையைத் தொடங்கும் முன்பே காலி செய்துவிடுங்கள். கரைப்பான் ஆவியைத் தடுக்கும் வடிப்பான் உள்ள முகமூடியை அணியாமல் லாக்கர் அடிக்கவே கூடாது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் சன்னல் வழியே புகையை வெளியேற்றுபவர்கள், கீழ்வீட்டார் மூங்கில் கழியில் துணி உலர்த்தியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

வண்ணம் உண்மையிலேயே காய்ந்ததா என்பதற்கு நான் நம்பும் சோதனை ஒன்றுதான்: மூக்கருகே கொண்டுபோனால் கரைப்பான் வாடை வருகிறது என்றால் இன்னும் காயவில்லை. வாடை அடங்கும்வரை அந்தப் பெட்டியை மூடாமல் ஒதுக்கி வைத்து, அடுத்த பெட்டியின் சீட்டை எடுங்கள்.

பின்னர் சேர்த்தது

ஈசூனில் வசிக்கும் வாசகர் ஒருவர் இம்முறைப்படி தம் பழைய டாங்கிக் கிட்டைப் பெட்டியில் அடக்கமாக வைத்திருந்தார். சில மாதம் கழித்துத் திறந்தபோது, ரப்பர்போல் வளையும் வினைல் டிராக் பட்டைகள் பட்ட இடத்தில் சக்கரங்களின் பிளாஸ்டிக் உருகிப் பள்ளமாகியிருந்தது என்று எழுதியுள்ளார். வினைலை மிருதுவாக்கச் சேர்க்கும் பொருள் மெல்லக் கசிந்து பாலிஸ்டைரீனைக் கரைப்பதால் இப்படி நேர்கிறது; மேலே இதை நான் எழுதாமல் விட்டது என் பிழை. வினைல் டிராக்குகளையும் டயர்களையும் தனி ஜிப் உறையில் வையுங்கள். பொருத்தும் நாளில் சக்கரத்தின் விளிம்பில் வண்ணமோ வார்னிஷோ முழுமையாகப் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். பாதியில் நிற்கும் மாடலில் அவற்றை ‘பொருந்துகிறதா பார்ப்போம்’ என்று மாட்டியிருந்தால், இன்றிரவே கழற்றிவிடுங்கள்.