புலி அழிஞ்சுபோன காட்டுல திரும்பவும் புலி விடணும்னா

முதல்ல கேக்க வேண்டியது ஒண்ணுதான், இங்க இருந்த புலி எல்லாம் ஏன் போச்சு? ராஜஸ்தான்ல இருக்குற சரிஸ்கா காட்டுல கள்ளவேட்டையால ஒண்ணுகூட மிஞ்சல, 2008ல அதே மாநிலத்து ரந்தம்பூர்ல இருந்து ஹெலிகாப்டர்ல கொண்டுவந்து விட்டாங்க, ஆனா முதல்ல வந்த ஆண்புலிய 2010ல விஷம் வச்சே கொன்னுட்டாங்க. காரணத்த சரி பண்ணாம புலிய மட்டும் கொண்டுவந்து விட்டா இப்படித்தான் ஆகும்.

அடுத்து இரை. ஒரு புலிக்கு வருஷத்துக்கு 50 மான் அளவுக்கு வேணும், அது இல்லன்னா புலி நேரா மாட்டுக்குத்தான் வரும், அதனால மான் போதாத காட்டுல மொதல்ல மானப் பெருக்குங்க. சுத்தி இருக்குற ஊர்க்காரங்ககிட்ட புலி வர்றதுக்கு முன்னாடியே பேசிடணும், இதுல அவசரமே கூடாது. ஒடிசாவுல சத்கோசியா காட்டுக்கு 2018ல மத்தியப் பிரதேசத்துல இருந்து ரெண்டு புலி கொண்டுபோனாங்க, ஆண்புலி சில மாசத்துலயே செத்துக் கிடந்துச்சு, பெண்புலிய ஊரே எதிர்த்து, புடிச்சு கூண்டுல வச்சு கடைசில மத்தியப் பிரதேசத்துக்கே திருப்பி அனுப்பிட்டாங்க.

புலிய தேர்ந்தெடுக்கும்போது தாயை விட்டுப் பிரிஞ்சு சொந்த இடம் தேடுற இளம் புலியா பாருங்க, கூடப் பொறந்ததுங்களையே ஜோடியா கொண்டுவந்துடாதீங்க. மயக்க ஊசி போட்டதும் கண்ண துணியால மூடணும், மயக்கத்துல இமை மூடாது, அதனால கண்ணு காயாம இருக்க மருந்தும் விடணும், உடம்புச் சூடு ஏறுதான்னு ஒருத்தர் பாத்துக்கிட்டே இருக்கணும், ஏறுனா தண்ணி ஊத்தணும். புலி எங்க இருக்குன்னு சிக்னல் குடுக்குற கழுத்துப்பட்டை, அதாவது ரேடியோ காலர் மாட்டிட்டு, கூண்டுல ஏத்துனதுக்கப்புறம் மயக்கம் தெளிய மாத்து ஊசி போடுங்க.

கொண்டுவந்ததும் அப்படியே தொறந்து விடாம வேலி போட்ட இடத்துல சில நாள் வச்சு விடுறது நல்லது. அப்பவும் ஓடலாம். மத்தியப் பிரதேசத்துல பன்னா காட்டுக்கு 2009 நவம்பர்ல அதே மாநிலத்து பென்ச் காட்டுல இருந்து வந்த டி3ங்கிற ஆண்புலி வெளிய விட்ட கொஞ்ச நாள்லயே பழைய வீட்டுப் பக்கம் தெற்க பாத்து கெளம்பிடுச்சு, வனத்துறை ஆளுங்க யானையோட வயலு ஊரு எல்லாம் தாண்டி ஒரு மாசம் பின்னாடியே போய் டிசம்பர் கடைசில புடிச்சுட்டு வந்தாங்க, அப்புறம் பெண்புலி மூத்திரத்த காட்டுக்குள்ள தெளிச்சு அதுக்கு வாசனை காட்டுனாங்க, ரெண்டும் சேந்துச்சு, 2010 ஏப்ரல்ல குட்டி போட்டுச்சு! அந்த ஆளுங்க உழைப்ப நெனச்சா இப்பவும் சிலிர்க்குது.

அதனால புலிய விட்டதுக்கப்புறம் செய்யுற வேலைக்கு காசையும் ஆளையும் நெறைய ஒதுக்குங்க. ராத்திரி பகலா காலர் சிக்னல பாக்க ஷிஃப்ட் போடணும், வேட்டைக்காரங்க வைக்குற சுருக்குக் கம்பி தேடி தெனம் ரோந்து போகணும், மாட்ட அடிச்சா இழப்பீட்ட இழுத்தடிக்காம உடனே குடுத்துடணும், லேட்டாச்சுன்னா செத்த மாட்டு மேலயே விஷம் வைக்க ஆளு இருக்கு.