சீனி எத்தனை என்பதோடு நிற்காதீர்கள்

விடிய ஆறு மணிக்கே ஆய்வுகூட வாசலில் சனம் நிற்கும். பட்டிருப்புப் பாலத்தால் முதல் பஸ்ஸில் வந்த, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரை ஆட்கள்தான் அதிகம். கையில் ஷொப்பிங் பேக்கில் சுற்றிய கிளினிக் கொப்பி. வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில் ஓர் ஆஸ்பத்திரியில் 29 வருடம் இரத்தம் எடுத்துச் சோதித்தவள் நான். என்னிடம் வந்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: "மகள், சீனி எத்தனை?" எந்த வகைச் சீனி வருத்தம் (நீரிழிவு), எப்போதிருந்து இருக்கிறது, ஏன் வந்தது என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. என் அப்பாவும் கேட்கவில்லை. அவருக்கு ஒரு கால்விரல் போனது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த எண்ணைச் சரியாக எடுக்க வேண்டும். வெறும் வயிறு என்றால் குறைந்தது எட்டு மணித்தியாலம் ஒன்றும் சாப்பிடாமல் இருப்பது. பச்சைத் தண்ணீர் குடிக்கலாம். "தேத்தண்ணிதான் குடிச்ச மகள், வேற ஒண்டும் இல்ல" என்பார்கள். சீனி போட்டதா என்றால், "ஓம், ரெண்டு கரண்டி." அந்த இரத்தத்தை எடுத்து என்ன பயன்? மறுநாள் வரச் சொல்லி எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பஸ் காசு வீண் என்று அவர்கள் முகம் வாடும்போது எனக்கும் மனம் கேட்காது. ஆனாலும் பிழையான எண்ணை நம்பி மருந்து கூட்டுவதும் குறைப்பதும் அதைவிட மோசம்.

வெறும் வயிற்றில் 100 mg/dL-க்குக் கீழே என்றால் நல்லது. 100 முதல் 125 வரை என்றால் வருத்தம் வாசலில் நிற்கிறது. 126-உம் அதற்கு மேலும் நீரிழிவு. 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கவைத்து இரண்டு மணித்தியாலம் கழித்துப் பார்த்தால் 140-க்குக் கீழே நல்லது, 200-உம் மேலும் நீரிழிவு. ஆனால் ஒரேயொரு எண்ணை வைத்து முடிவு கட்டக்கூடாது. வருத்தத்தின் குணம்குறி எதுவும் இல்லாதவருக்கு இன்னொரு தடவையும் சோதித்துத்தான் உறுதி செய்ய வேண்டும். வீட்டில் மெஷினில் குத்திப் பார்ப்பவர்கள் முதலில் கையைக் கழுவித் துடையுங்கள். மாம்பழம் வெட்டிய விரலில் குத்தினால் மாம்பழத்தின் சீனியும் சேர்ந்துதான் காட்டும்.

இன்னொரு சோதனை எச்பிஏ1சி. கிளினிக்குக்கு இரண்டு நாள் முன்பிருந்து சோற்றைக் குறைத்து, பாகற்காய்ச் சாறு குடித்து, நல்ல எண்ணோடு வந்து நிற்பவர்கள் உண்டு. இந்தச் சோதனை அதற்கெல்லாம் மசியாது. சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருக்கும். அந்த நாட்களில் அதில் எவ்வளவு சீனி ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பதால் கடந்த இரண்டு மூன்று மாதக் கணக்கு அப்படியே வந்துவிடும். 5.7 வீதத்துக்குக் கீழே நல்லது, 6.5-உம் மேலும் நீரிழிவு. இரத்தச்சோகை, தலசீமியா உள்ளவர்களுக்கும் அண்மையில் இரத்தம் ஏற்றியவர்களுக்கும் மட்டும் இது பிழையாகக் காட்டலாம். இருந்தால் டொக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

சரி, இப்போது வகைக்கு வருவோம். அப்பா வேளாண்மைக்காரர். அவருக்கு நான் விளக்கிய மாதிரியே உங்களுக்கும் சொல்கிறேன். இரத்தம் வாய்க்கால், அதில் ஓடும் சீனி தண்ணீர், உடம்பின் கலங்கள் வயல். தண்ணீர் வயலுக்குள் போக வேண்டுமென்றால் வரம்பில் தண்ணீர் பாயும் வாயை, அதுதான் வக்கடையை, யாராவது திறந்துவிட வேண்டும். அந்த ஆள்தான் இன்சுலின். இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் கணையத்திலிருந்து வருகிறார்.

முதலாம் வகையில் திறக்க ஆளே இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தடம்மாறி, இன்சுலின் சுரக்கும் கலங்களை அழித்துவிடுகிறது. வாய்க்கால் கரைபுரண்டு ஓடும், வயல் வெடித்துக் கிடக்கும். எந்த வயதிலும் வரலாம் என்றாலும் பிள்ளைகளிலும் இளம் வயதினரிலும்தான் கூடுதல். இனிப்புத் தின்றதால் வருவதில்லை, தாய் தகப்பனின் பிழையும் இல்லை. ஒரு பதினொரு வயதுப் பையனை எனக்கு மறக்க முடியாது. மூன்று கிழமையாகச் செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்திருக்கிறான். எப்போதோ நின்றுபோன படுக்கை நனைக்கும் பழக்கம் திரும்ப வந்திருக்கிறது. காற்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. ஓரிடத்தில் காட்டியபோது வயிற்றுப் புண் என்று மருந்து கொடுத்திருந்தார்கள். பார்வை பார்த்து நூலும் கட்டியிருந்தார்கள். எங்களிடம் வந்தபோது வாந்தி, ஆழமாக இழுத்து இழுத்து மூச்சு, வாயில் பழுத்த பழ வாசம். இன்சுலின் இல்லாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது சேரும் அமிலம்தான் கீற்றோன். அதைக் காட்டும் பட்டியைச் சலத்தில் (சிறுநீரில்) நனைத்தேன். நான் பார்த்துக்கொண்டிருக்கவே கடும் ஊதாவாக மாறியது. அந்தப் பட்டியைக் கையில் பிடித்தபடியே வார்ட்டுக்கு ஓடினேன். பிள்ளை பிழைத்தான். இந்தக் குறிகளைக் கண்டால் விடியட்டும் என்று இருக்க வேண்டாம். அந்த இரவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். இந்த வகைக்கு இன்சுலின் ஊசிதான் உயிர். குறிஞ்சாவும் ஆவாரம்பூவும் அதற்கு ஈடாகாது. யார் சொன்னாலும் ஊசியை நிறுத்தாதீர்கள்.

இரண்டாம் வகைதான் நம் வீடுகளில் நிறைந்து கிடக்கிறது. இதில் ஆள் இருக்கிறார், ஆனால் வக்கடை தூர்ந்துபோயிருக்கிறது. ஓர் ஆள் திறக்க வேண்டியதைப் பத்து ஆள் சேர்ந்து திறக்கிறார்கள். கணையம் வருடக்கணக்கில் அப்படி மாடாய் உழைத்துக் களைத்துவிடும், ஆட்களும் குறைந்துபோவார்கள். அதனால்தான் குளிசையில் இருந்தவருக்குப் பிறகு இன்சுலின் தேவைப்படுகிறது. அதைக் கடைசிக் கட்டம் என்று பயப்பட வேண்டாம்.

வக்கடை ஏன் தூர்கிறது? தாய் தகப்பன் வழியாக வரும் வாகு ஒன்று. வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு இன்னொன்று. கையும் காலும் ஈர்க்குமாதிரி இருந்தாலும் வயிறு தள்ளியிருந்தால் கவனம். தையல்காரரின் அளவுநாடாவால் பாருங்கள்: ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80. நம் தெற்காசியருக்கு அதுதான் எல்லை. பிறகு, அசையாத உடம்பு. சந்திக்கு நடந்து போனவர்கள் இப்போது மோட்டார் சைக்கிளில் போகிறோம், சோறு மட்டும் அன்று வெட்டிக் கொத்திய ஆளுக்குப் போட்ட அளவிலேயே இருக்கிறது. "எனக்கு இனிப்பே பிடிக்காது, எனக்கெங்கால சீனி?" என்று அப்பா என்னிடம் கையை நீட்ட மறுத்தார். கோப்பை நிறையச் சோறும் பிட்டும் பாணும் வயிற்றுக்குள் போனால் சீனியாகத்தான் மாறும் என்பது அவர் மனதில் ஏறவேயில்லை.

இந்த வகையின் பொல்லாத்தனம், வருடக்கணக்கில் சத்தமே போடாதது. இரத்தத்தில் ஏறக்குறைய 180 தாண்டிய பிறகுதான் சீனி சலத்தில் இறங்கத் தொடங்கும். தாகம், இரவில் இரண்டு மூன்று தடவை எழும்புவது, சலம் போன இடத்தில் எறும்பு, எல்லாம் அதற்குப் பிறகு. எறும்பு மொய்க்கவில்லை என்று நிம்மதியாக இருப்பவர்கள் ஏமாந்து போகிறார்கள். அதற்கு முன்பே சில குறிகள் தென்படலாம்: பிடரியிலும் கமக்கட்டிலும் தேய்த்தாலும் போகாத கறுப்பு, காரணமில்லாத களைப்பு, பார்வை மங்குவது, ஆறாத புண், உள்ளங்கால் விறைப்பு. பெண்கள் வெட்கத்தில் சொல்லாமல் விடும் ஒன்றும் உண்டு, பிறப்புறுப்பில் திரும்பத் திரும்ப வரும் கடி (அரிப்பு). மிட்வைப் மிஸ்ஸியிடமாவது சொல்லுங்கள்.

அப்பாவுக்கு விறைப்புத்தான் வந்தது. வெறுங்காலோடு வயலில் நின்றவருக்கு அரிதாள் குத்தியதே தெரியவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஓர் இடத்தில் பார்த்தபோது 210 என்றிருந்திருக்கிறது, சாப்பிட்டுவிட்டுப் பார்த்தால் அப்படித்தான் காட்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவரும் அதை எங்களிடம் சொல்லவில்லை. பிறகொரு நாள் சப்பாத்தைக் கழற்றியபோது வந்த வாடையில்தான் அம்மா கண்டுபிடித்தார். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் தீ மிதிக்க நேர்ந்தவர்களும், உகந்தை வழியாகக் கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகிறவர்களும் கட்டாயம் முன்கூட்டியே காலைச் சோதித்துக்கொள்ளுங்கள். விறைத்த காலுக்குச் சூடும் தெரியாது, முள்ளும் தெரியாது. விறைப்பு இருந்தால் நேர்த்தியை வேறு விதமாகத் தீர்க்க முடியுமா என்று பூசகரிடம் கேளுங்கள்.

பிள்ளை வயிற்றில் இருக்கும்போது வருவது தனி வகை. நச்சுக்கொடியிலிருந்து சுரக்கும் ஓமோன்கள் இன்சுலினின் வேலையை மந்தமாக்குவதால் வருகிறது. பெரும்பாலும் குறி எதுவும் தெரியாது. அதனால் பதியப் போகும்போதும் 24 முதல் 28 கிழமைக்குள்ளும் சோதிப்பதைத் தவறவிடாதீர்கள். பிள்ளை பிறந்ததும் அனேகமாக எண் இறங்கிவிடும். என் தங்கையும் அதோடு மறந்துவிட்டாள், ஏழு வருடத்தில் இரண்டாம் வகை வந்துவிட்டது. ஆறு கிழமையில் ஒரு தடவையும், பிறகு வருடத்துக்கொரு தடவையும் பார்த்திருந்தால் முன்னமே தடுத்திருக்கலாம். இவை தவிர, முட்டுக்கும் (ஆஸ்துமா) மூட்டு வாதத்துக்கும் நாள்பட எடுக்கும் ஸ்டீரொயிட் குளிசையாலும், கணைய அழற்சியாலும் சீனி ஏறலாம். என்னென்ன குளிசை எடுக்கிறீர்கள் என்று ஒன்றும் விடாமல் சொல்வது அதற்காகத்தான்.

கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் நான் எல்லாருக்கும் எழுதிக் கொடுப்பது இவ்வளவுதான்: எந்த வகை, எந்த வருடம் கண்டுபிடித்தது, வீட்டில் வேறு யாருக்கு இருக்கிறது. உங்கள் கொப்பியில் இல்லையென்றால் அடுத்த முறை டொக்டரிடம் கேட்டு எழுதுங்கள். குளிசை மட்டைகளையும் கொண்டு போங்கள். கூடவே ஒரு பெட்டியில் சாப்பாடும் போகட்டும். மருந்து எடுப்பவருக்கு வெயிலில் நின்று வியர்த்து, கை நடுங்கி, கண் இருட்டினால் சீனி இறங்குகிறது என்று அர்த்தம். உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். நினைவில்லாதவர் வாயில் ஒன்றும் ஊற்றக்கூடாது, தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான். அதற்கு இடம் வைக்காமல், இரத்தம் கொடுத்த கையோடு வாங்கில் இருந்து சாப்பிட்டு, காலைக் குளிசையையும் டொக்டர் சொன்னபடி எடுத்துவிட்டு, அதற்குப் பிறகு பஸ் ஏறுங்கள்.