வளவுக்குள்ள நத்தை எங்க நிக்குது? நீங்களே எண்ணிப் பாக்கலாம்

திருகோணமலையில மாரி தொடங்கினா கிணத்துக்கட்டு, வாழையடி, மதில் எல்லாம் நத்தைதான், ஆனா முத்தத்து மணலில ஒண்டையும் காணக் கிடைக்காது. ஏன் எண்டு பாக்க ஒரு கொப்பி, 4 மீட்டர் நூல், ரோச், அரிதட்டு, அடிமட்டம், கையுறை இருந்தா காணும். கையுறை கட்டாயம், எலியில இருந்து வாற ஒரு புழு நத்தைக்குள்ள இருக்கலாம், அது மனுசரிட மூளைக்கும் போகும், முடிஞ்சதும் கையை சோப் போட்டுக் கழுவுங்கோ.

முதல்ல மூண்டு இடம் எடுங்கோ: வெறும் முத்தம், கிணத்தடி வாழை, மாமரத்துக்குக் கீழ சருகு. நூலை நாலு மூலையிலயும் தடி குத்திக் கட்டினா ஒரு சதுர மீட்டர் வரும்.

அடுத்தது நேரம், மழை விட்டு இரவு எட்டு மணிபோல. நான் முதல்தரம் சனிக்கிழமை பகல் பதினொரு மணிக்குப் போய் கொப்பி முழுக்க பூச்சியம், அதோட அம்மா விடியவே சருகைக் கூட்டி எரிச்சிட்டா, வீட்டாக்களுக்கு முதல்லயே சொல்லி வையுங்கோ.

இப்ப எண்ணுங்கோ. உயிருள்ளது வேற, வெறும் ஓடு வேற, ஏனெண்டா ஓட்டை வெள்ளம் எங்கயிருந்தும் இழுத்து வந்திருக்கும். பெருசு அநேகமா ஆபிரிக்க நத்தைதான், 1900 அளவில இலங்கைக்கு வந்தது. எங்கட நாட்டுத் தரை நத்தையள் ஏறக்குறைய 250 இனம், அதில 80 வீதத்துக்கு மேல வேற எங்கயும் இல்ல, கனக்க ஈரவலயக் காட்டிலதான், அதாவது தென்மேற்கில மழை கூடின பக்கம். அதுகளில கனக்கப் பொடிசு, எங்கட பக்கத்துப் பொடிசையும் விடக்கூடாது எண்டா ரெண்டு கை சருகை வெள்ளைக் கடதாசிக்கு மேல அரியுங்கோ, அரிசி மணியளவு ஓடு விழும்.

ஒவ்வொரு எண்ணிக்கைக்குப் பக்கத்திலயும் நிழல், சருகு எத்தினை சென்ரிமீட்டர், விரல் விட்டா மண் ஈரமா எண்டு எழுதுங்கோ, இதைத்தான் எல்லாரும் விடுறது. நத்தை நடக்கிறதே வழுவழுப்பை விட்டுத்தான், அதால உடம்புத் தண்ணி போய்க்கொண்டே இருக்கும், வாழை மட்டை இடுக்கில தேங்கிற தண்ணியும் சருகுக்குக் கீழ இருக்கிற ஈரமும்தான் அதைக் காப்பாத்துது. என்ன மரம் எண்டதை விட அது எவ்வளவு ஈரத்தைப் பிடிச்சு வைக்குது எண்டுதான் பாக்கவேணும். ஓட்டுக்குச் சுண்ணாம்பும் வேணும், பழைய சுண்ணாம்பு மதிலை அது சுரண்டுறது அதுக்குத்தான்.

சூடான, வறண்ட கச்சான் காத்து அடிக்கிற ஆடியில இதே மூண்டு இடத்தையும் திரும்பப் பாருங்கோ, அப்ப நிலத்தில இல்லாட்டி மரத்தண்டிலயும் மதில் இடுக்கிலயும் தேடுங்கோ. வாயில கடதாசி மாதிரி ஒரு வெள்ளைத் தோலைப் போட்டு மூடிக்கொண்டு ஒட்டிக் கிடக்கும். செத்துப்போச்செண்டு கழட்டி எறிஞ்சிடாதீங்கோ, மழைக்கு எழும்பும்.