மெஸ் தட்டும் மென்சா தட்டும்: இரண்டு நாட்டு மாணவர்கள் சேர்ந்து வீணாகும் உணவை எடை போடுவது எப்படி

வெளிநாட்டுப் பல்கலைக்கழக மாணவர்களோடு சேர்ந்து வளாகத்துக்கு ஏதாவது செய்ய நினைத்தால், சூரிய மின்தகட்டில் தொடங்காதீர்கள். அதற்குப் பணம் வேண்டும், பத்துக் கையெழுத்து வேண்டும். தட்டில் மிஞ்சுவதை எடை போட ஒரு தராசும் நான்கு வாளியும் போதும். தமிழ்நாட்டு விடுதி மெஸ் ஒரு பக்கம், ஜெர்மன் மாணவர் உணவகமான மென்சா மறுபக்கம் என்று வைத்துக்கொண்டு சொல்கிறோம்.

முதலில் அனுமதி. இங்கே வார்டனும் மெஸ் கமிட்டியும். ஒப்பந்தக்காரர் நடத்தும் மெஸ் என்றால் அவரையும் நேரில் பாருங்கள். கிடைக்கும் கணக்கை வைத்து ஒப்பந்தத்தில் கை வைக்க மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தால்தான் வாளியைத் தொட விடுவார். மாதச் செலவை மாணவர்களே பங்கிட்டுக் கட்டும் டிவைடிங் சிஸ்டம் மெஸ்ஸில் வேலை சுலபம்: வீண் குறைந்தால் மாதக் கட்டணமே குறையும். ஜெர்மனியில் மென்சாவை நடத்துவது பல்கலைக்கழகம் அல்ல, ‘ஸ்டூடியரண்டன்வெர்க்’ என்ற தனி அமைப்பு. துணைவேந்தர் அலுவலகக் கடிதத்தோடு போய் நின்றால் பயன் இருக்காது.

தேதி குறிப்பதுதான் பெரிய தலைவலி. அங்கே குளிர்காலப் பருவ வகுப்புகள் அக்டோபர் நடுவில்தான் தொடங்கும். இங்கே அப்போது தீபாவளி, அதையொட்டியே தேர்வு. பொங்கலுக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பியபின் வரும் ஜனவரிக் கடைசி இரண்டு வாரமே இருவருக்கும் தோது. கூட்டத்துக்கு நம் மாலை 5.30 நல்ல நேரம். அங்கே பகல் 1 மணி. மார்ச் கடைசி ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். அதற்குப் பிறகு நம் 5.30 அவர்களுக்கு 2 மணி.

இனி எடை. எது ‘வீண்’ என்று இரு தரப்பும் ஒரே தாளில் எழுதிக் கையெழுத்திடாமல் தராசை எடுக்காதீர்கள். முருங்கைக்காய்ச் சக்கை, கறிவேப்பிலை, எலும்பு, புளிச் சக்கை ஆகியவை தின்ன முடியாதவை, தனி வாளி. டிஷ்யூவும் வாழையிலையும் கணக்கிலேயே வரக் கூடாது. சாம்பார், ரசம், மோர் நம் பக்கத்துச் சிக்கல். ஓட்டை வாளியில் கொட்டி இரண்டு நிமிடம் வடியவிட்டு, கெட்டியானதை ஒரு எடையாகவும் வடிந்ததை இன்னொரு எடையாகவும் எழுதுங்கள். தட்டிலேயே கை கழுவும் பழக்கம் இருக்கிற மெஸ்ஸில் இந்த இரண்டாவது எண்ணை நம்பவே முடியாது. ஜெர்மன் குழுவுக்கு அதை அனுப்ப வேண்டாம்.

தராசு 30 கிலோ வரை தாங்கி, 10 கிராம் வித்தியாசம் காட்டினால் போதும். தினமும் அளவுக் குவளையால் 10 லிட்டர் தண்ணீர் ஊற்றி 10 கிலோ காட்டுகிறதா என்று பாருங்கள். காலி வாளியின் எடையை வாளி மேலேயே மார்க்கரில் எழுதிவிடுங்கள். பாதித் தவறுகள் அதைக் கழிக்க மறப்பதில்தான் வருகின்றன.

எடையைவிட ஆள் எண்ணிக்கைதான் அதிகம் சொதப்பும். மென்சாவில் கல்லா இயந்திரமே எத்தனை சாப்பாடு விற்றது என்று சொல்லிவிடும். மெஸ்ஸில் ஒருவரே மூன்று முறை சோறு வாங்குவார். அதனால் பரிமாறும் இடத்தில் எண்ணாமல், சாப்பிட்ட தட்டைக் கொண்டுவந்து போடும் இடத்தில் ஒருவர் நின்று எண்ண வேண்டும். 412 தட்டு, 30.9 கிலோ மிச்சம் என்றால் தலைக்கு 75 கிராம்.

அந்த 30.9-ஐ அப்படியே பொது விரிதாளில் போடாதீர்கள். ஜெர்மானியர்கள் தசமத்துக்குக் காற்புள்ளி வைப்பவர்கள். அவர்கள் கணினியில் இருக்கும் எக்செல் 30.9-ஐ செப்டம்பர் 30 என்று தேதியாக்கிவிடும். எல்லாவற்றையும் முழு கிராமில் எழுதுங்கள்: 30900.

முதல் வாரம் சுவரொட்டி எதுவும் கூடாது. யாரோ எடை பார்க்கிறார்கள் என்று தெரிந்தாலே முதல் நாள் தட்டு காலியாக வரும். அந்த நாளைக் கணக்கில் சேர்க்காமல் விடுங்கள். மெஸ் பட்டியல் வாரம் ஒருமுறை திரும்பும் என்பதால், இரண்டாவது வாரத்துத் திங்களை முதல் வாரத்துத் திங்களோடு ஒப்பிடலாம். விட்டுப்போன முதல் நாளின் கிழமையை இரண்டாவது வாரத்திலும் விட்டுவிட வேண்டும். மென்சாவில் பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும். அங்கே உணவு வகை வாரியாகத்தான் பார்க்க முடியும்.

இரண்டாவது வாரம் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். சோற்றுக் கரண்டியைச் சிறிதாக்குவது எங்கள் தேர்வு: ‘மறுபடி வாங்கிக்கலாம்’ என்று அண்ணன் சொல்லிப் பரிமாறினால் போதும். பொரியலையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது.

இரண்டு வளாகத்தின் கிராம் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘யார் மோசம்’ என்று கேட்காதீர்கள். சாதமும் உருளைக்கிழங்கும் ஒரே எடையில் ஒரே உணவல்ல. ஒவ்வொரு இடத்திலும் முதல் வாரத்திலிருந்து எத்தனை சதவீதம் குறைந்தது என்பதை மட்டும் ஒப்பிடுங்கள்.

மிச்சம் எங்கே போகிறது என்பதற்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். நம் மெஸ் வாளிகள் பல, பன்றிப் பண்ணைக்குப் போகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் சமையலறைக் கழிவைப் பண்ணை விலங்குக்குப் போடத் தடை. 2001-இல் பிரிட்டனில் கோமாரி பரவிய பிறகு இறுகிய விதி அது. அதனால் அவர்கள் படிவத்தில் ‘உயிரி எரிவாயு’ (பயோகேஸ்) என்ற கட்டம் மட்டும் இருக்கும். ‘கால்நடைத் தீவனம்’ என்ற கட்டத்தை நீங்கள்தான் கேட்டுச் சேர்க்க வேண்டும்.