மேப்பிள் சிவக்கும் நாள்களில்: அல்கோன்குயின் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரொறன்ரோவிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு, இலையுதிர் காலத்தில் ஒரு நாளாவது அல்கோன்குயின் மாகாணப் பூங்காவுக்குப் போய்வர வேண்டும் என்ற ஆசை உண்டு. 400ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே சென்று, பாரி நகரைக் கடந்து 11ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்து, ஹன்ட்ஸ்வில்லில் 60ஆம் நெடுஞ்சாலைக்குத் திரும்பினால், ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் பூங்காவின் மேற்கு வாயிலை அடைந்துவிடலாம். பாதையில் சிக்கல் எதுவும் இல்லை. நாளைத் தேர்ந்தெடுப்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள்.

அக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமையோடு வரும் தாங்ஸ்கிவிங் நீண்ட வாரவிறுதியில் எல்லோருக்கும் விடுமுறை கிடைப்பதால், பயணத்தையும் அன்றைக்கே வைத்துக்கொள்கிறோம். ஆனால் பூங்காவின் மேற்குப் பகுதியைச் செந்நிறமாக்கும் சர்க்கரை மேப்பிள் மரங்கள் பெரும்பாலான ஆண்டுகளில் செப்டம்பர் கடைசி வாரத்தில் உச்சத்தைத் தொட்டு, அக்டோபர் முதல் வாரம் முடிவதற்குள் பெருமளவு உதிர்ந்துவிடும். ஸ்காபரோவில் நம் வீட்டு முற்றத்து மேப்பிள் இன்னும் பச்சையாகத்தானே நிற்கிறது என்று பார்த்துக் காலத்தைக் கணிப்பது இதைவிடப் பெரிய தவறு. அல்கோன்குயின் வடக்கே, உயரமான நிலத்தில் இருப்பதால் அங்கே குளிர் முந்தி வருகிறது. ரொறன்ரோ மரங்கள் சிவக்கத் தொடங்கும்போது அங்குள்ள மேப்பிள்கள் மொட்டையாகி இருக்கும்.

நாங்கள் முதன்முறை போனது அப்படியொரு தாங்ஸ்கிவிங் ஞாயிற்றுக்கிழமையில்தான். சாலையின் இருபுறமும் சாம்பல் நிறத் தண்டுகள் மட்டுமே நின்றன. வண்டியை விட்டிறங்கிய அம்மா, தரையில் கிடந்த ஈர இலை ஒன்றை எடுத்து, அதன் ஐந்து நரம்புகளையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “பிந்தி வந்திட்டம் போல, தம்பி” என்றார். அந்த இலையின் ஓரங்கள் பழுப்பேறிச் சுருண்டிருந்தன. காம்பை ஒட்டிய இடத்தில் மட்டும் சிறிது சிவப்பு எஞ்சியிருந்தது.

நிறம் நாட்காட்டியைப் பார்த்து வருவதில்லை. பகல் குறையும்போது இலையில் உள்ள பச்சையம் சிதைகிறது. அதுவரை பச்சைக்குள் மறைந்திருந்த கரோட்டினாய்டு நிறமிகள் மஞ்சளாகவும் செம்மஞ்சளாகவும் வெளிப்படுகின்றன. சிவப்பு அப்படி மறைந்திருப்பதில்லை: இலையில் தங்கும் சர்க்கரையைக் கொண்டு மரம் அந்தோசயனின் என்ற நிறமியை அந்த நாள்களில்தான் புதிதாக உண்டாக்குகிறது. வெயிலுள்ள பகலும், உறைபனி விழாத குளிர்ந்த இரவும் தொடர்ந்து அமைந்தால் சிவப்பு ஆழமாகும். பலத்த காற்றும் மழையும் சேர்ந்தடித்தால் ஓரிரவிலேயே எல்லாம் தரைக்கு வந்துவிடும். ஆகவே ஒரு தேதியை மாதக்கணக்கில் முன்பே முடிவு செய்யாமல், செப்டம்பர் பிற்பாதியில் இரண்டு மூன்று நாள்களை ஒதுக்கி வைத்துக்கொண்டு, ஒன்ராறியோ பூங்காக்கள் நிர்வாகம் வெளியிடும் இலை நிற அறிக்கையைப் பார்த்து அவற்றில் ஒன்றைத் தேர்வது நல்லது. அது வார நாளாக அமைந்தால் இன்னும் நல்லது. அக்டோபர் நடுவில்தான் போக முடியும் என்றால் சிவப்பைத் தேடாதீர்கள். அப்போது பொப்லர் மரங்கள் மஞ்சளாக நிற்கும். அதற்குப் பின் டாமரக் மரங்கள் பொன்னிறமாகும். ஊசியிலை மரமாக இருந்தும் குளிர்காலத்துக்கு முன் தன் ஊசிகளை முழுவதும் உதிர்க்கும் அந்த மரத்தை அதற்காகவே ஒருமுறை பார்க்க வேண்டும் என்பேன்.

வாயிலில் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று நம்பிப் போவதும் வேண்டாம். 60ஆம் நெடுஞ்சாலையில் எங்கும் நிற்காமல் கடந்து போக அனுமதி தேவையில்லை. எங்காவது நிறுத்தி இறங்குவதாக இருந்தால் வாகனத்துக்கு நாள் அனுமதி வேண்டும். அதன் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. நிற உச்ச வாரவிறுதிகளில் முன்கூட்டியே தீர்ந்துவிடும். இணையத்தில் முன்பதிவு தொடங்கியவுடன் எடுத்துவிடுங்கள். பெற்றோலை ஹன்ட்ஸ்வில்லிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். பூங்காவுக்குள் கைப்பேசித் தொடர்பு பல இடங்களில் அறுந்துபோகும் என்பதால் வரைபடத்தை முன்பே பதிவிறக்கி வைப்பது அவசியம்.

சாலையில் நடக்கும் தவறுகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். அழகான மரம் ஒன்றைக் கண்டவுடன் வண்டியைச் சாலையோரத்தில் சாய்த்து நிறுத்திவிட்டு, படம் எடுப்பதற்காகப் பிள்ளைகளோடு சாலையின் நடுவில் நிற்பவர்களை ஒவ்வோர் ஆண்டும் காண்கிறேன். சரக்கு லொறிகளும் போகும் நெடுஞ்சாலை அது. வேக வரம்பு மணிக்கு 80 கிலோமீட்டர். வளைவுக்கு அப்பால் வருகிறவருக்கு நீங்கள் நிற்பது தெரியாது. நிறுத்துவதற்கென்று நடைபாதைகளின் தொடக்கத்தில் வாகனத் தரிப்பிடங்கள் இருக்கின்றன. ஓட்டுபவரும் மரங்களைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்பதால், பாதி வழியில் இருக்கை மாறிக்கொள்ள இன்னொரு சாரதி இருந்தால் நல்லது. மழைக்குப்பின் தார்ச்சாலையில் படிந்த இலைகள் வழுக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

வண்டிக்குள் இருந்தபடியே இந்தக் காட்டைப் பார்த்துவிடலாம் என்று நினைப்பவர்கள் அதன் பாதியைக்கூடக் காண்பதில்லை. பூங்காவில் இடங்களை மேற்கு வாயிலிலிருந்து கிலோமீட்டர் எண்ணிச் சொல்வது வழக்கம். நாற்பதாவது கிலோமீட்டரை நெருங்கும்போது வரும் ‘லுக்கவுட்’ நடைபாதை இரண்டு கிலோமீட்டர் அளவுதான் என்றாலும் செங்குத்தாக ஏறும். மேலே பாறை முகட்டில் தடுப்புக் கம்பி இல்லாததால் சிறு பிள்ளைகளின் கையை விடக் கூடாது. முதியவர்களோடு போகிறவர்கள் 43ஆம் கிலோமீட்டரில் உள்ள பார்வையாளர் மையத்தின் மாடத்திலிருந்தே பரந்த காட்டைப் பார்க்கலாம். எங்கே நின்றாலும், சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளாமல் ஒருமுறை அதை நோக்கித் திரும்பி நின்று பாருங்கள். ஒளி ஊடுருவும் சிவப்பு மேப்பிள் இலையில் ஒவ்வொரு நரம்பும் தனித்தனியே தெரியும். அந்த இலைக்காகக் கிளையை ஒடிக்காதீர்கள். பூங்காவுக்குள் தாவரங்களைப் பறிப்பதும் சேதப்படுத்துவதும் சட்டப்படி குற்றம். கட்டிச் சென்ற சோற்றில் மிச்சத்தை அணில்களுக்கும் பறவைகளுக்கும் வைப்பதும், குப்பையை மேசையிலேயே விட்டு வருவதும் கரடியை அழைக்கும்.

திரும்பும் நேரத்தையும் கணக்கிட்டு வையுங்கள். செப்டம்பர் இறுதியில் அங்கே மாலை ஏழு மணியளவில் சூரியன் மறைகிறது. மேற்கே ஹன்ட்ஸ்வில்லை நோக்கி வரும்போது அந்த வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும். செப்டம்பர் இறுதி மூஸ் மான்களின் இணைசேரும் பருவமும்கூட. காளை மூஸ்கள் மங்கலொளியில் சாலையைக் கடந்து நடமாடும். உடல் கருமையாகவும் கால்கள் நெடிதாகவும் இருப்பதால், வண்டியின் விளக்கொளி பெரும்பாலும் அவற்றின் கால்களில்தான் படும். கண்கள் ஒளிக்கு மேலே இருப்பதால் மின்னாமல் போகலாம். மோதினால் கால்கள் முறிய, முழு உடலும் முன்கண்ணாடியின் மீது வந்து விழும். ஆகவே இருட்டுவதற்கு முன்பே மேற்கு வாயிலைத் தாண்டிவிடுங்கள். முடியாவிட்டால் வேகத்தைக் குறைத்து, பக்கத்தில் இருப்பவரைச் சாலையின் இரு ஓரங்களையும் கவனிக்கச் சொல்லுங்கள்.