எண்ணெய் ஆலைக் கழிவுநீரில் கரிம அமிலங்கள்: புதியவர்கள் சறுக்கும் இடங்கள்

பிஎச் மீட்டரைச் சரிபாருங்கள், பாட்டிலில் தேதி எழுதுங்கள் என்றெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அதை முதல் நாளே யாராவது சொல்லியிருப்பார்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் செகுண்டாவிலும் ஆலைக் கழிவுநீரை அளக்கும் ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் சறுக்குவது வேறு இடங்களில். மூத்தவர்களும் அங்கே சறுக்கியவர்கள்தான்.

எந்த அமிலம் என்று கேட்காமல் தொடங்குவது

செகுண்டாவில் நிலக்கரியிலிருந்து எரிபொருள் எடுக்கும்போது, ஃபிஷர்-டிராப்ஷ் வினையில் (கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் சேர்ந்து எண்ணெயாகும் வினை) பிரியும் நீரில் அசெட்டிக், புரோப்பியானிக், பியூட்டிரிக் போன்ற சிறிய அமிலங்கள் இருக்கும். கச்சா எண்ணெய் சார்ந்த கழிவுநீரில் தேடுவது பெரும்பாலும் நாப்தெனிக் அமிலங்களை, அதாவது கச்சா எண்ணெயிலேயே இருக்கும் பெரிய வளைய அமிலங்களை. இரண்டுக்கும் ஒரே வழி ஒத்துவராது. அசெட்டிக் அமிலம் தண்ணீரை விட்டு டைக்குளோரோமீத்தேன் என்ற கரைப்பானுக்குள் சரியாக வராது. வந்த கொஞ்சமும் கரைப்பானை ஆவியாக்கும்போது போய்விடும். செகுண்டா நீரை 0.2 மைக்ரான் வடிகட்டியில் விட்டு நேரே அயனி விலக்கு குரோமடோகிராபியில் (சிறு அமிலங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அளக்கும் முறை) போடுங்கள்.

வடிகட்டும் முன்பே அமிலம் ஊற்றுவது

இதுதான் எரிச்சலூட்டும் தவறு, ஏனென்றால் செய்கிறவர் விதிப்படி செய்ததாகவே நினைப்பார். எண்ணெய்-கிரீஸ் சோதனைக்கு மாதிரி எடுக்கும் இடத்திலேயே அமிலம் சேர்த்து பிஎச் 2-க்குக் கீழே இறக்குவது வழக்கம். அதே பாட்டிலை நாப்தெனிக் அமிலச் சோதனைக்கும் எடுத்து 0.45 மைக்ரானில் வடிகட்டுகிறார்கள்.

நடப்பது இதுதான். நாப்தெனிக் அமிலங்களின் பிகேஏ (பாதி அமிலம் உப்பாக இருக்கும் பிஎச்) ஏறக்குறைய 5. கழிவுநீரின் இயல்பான பிஎச் 7, 8-இல் அவை உப்பாகக் கரைந்திருக்கும். பிஎச் 2-க்கு வந்ததும் தண்ணீர் அவற்றுக்குப் பிடிக்காது; கண்ணாடிச் சுவரிலும் எண்ணெய்ப் படலத்திலும் சேற்றுத் துகளிலும் ஒட்டிக்கொள்ளும். வடிதாளில் நிற்பதில் ஒரு பங்கு நீங்கள் தேடிய அமிலமேதான். டர்பன் தெற்கில் இரண்டு பெரிய ஆலைகளும் 2020, 2022-இல் சுத்திகரிப்பை நிறுத்தியபின் அங்கே மிஞ்சியிருப்பது தொட்டிகளும் குழாய்களும்தான். தொட்டி வடிகாலில் எடுத்த நீரில் எண்ணெய்ப் படலம் தடித்திருந்தால் இழப்பும் கூடும்.

மோசம் என்னவென்றால், தரச்சோதனை இதைக் காட்டிக்கொடுக்காது. எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்று பார்க்கச் சேர்க்கும், டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) ஏற்றிய டெக்கனாயிக் அமிலத்தை வடிகட்டிய பிறகு சேர்த்தால் மீட்பு அழகாக வரும். அறிக்கையில் கையெழுத்தும் விழும், எண் மட்டும் குறைவாக இருக்கும்.

செய்ய வேண்டியது: அடர்நிறக் கண்ணாடி பாட்டில், 4 டிகிரி, அமிலம் சேர்க்காமல். கூடத்தில் மூடியைத் திறந்ததும் முதலில் மீட்புச் சோதனை அமிலம், அதாவது அந்த டெக்கனாயிக். பிறகு இயல்பான பிஎச்சிலேயே கண்ணாடி இழைத் தாளில் வடிகட்டல். அதன் பிறகுதான் பிஎச் 2. 500 மி.லி. நீருக்கு 50 மி.லி. டைக்குளோரோமீத்தேன் வீதம் மூன்று முறை, முதல் 50 மி.லி.யைக் கொண்டு காலி பாட்டிலைக் கழுவி அதையே பிரிபுனலில் ஊற்றுங்கள். பால்போல் கலங்கினால் உப்புப் போடுங்கள், அல்லது மையவிலக்கில் சுற்றுங்கள். பலமாகக் குலுக்காதீர்கள், ஒவ்வொரு முறையும் காற்றைத் திறந்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் வடிதாளைக் காரம் கலந்த மெத்தனாலில் ஊறவைத்துத் தனியாக அளந்து பாருங்கள்.

காரம் ஏற்றிப் பாதுகாக்கலாமே என்பார்கள். கடல்நீர் கலந்த மாதிரியில் மக்னீசியமும் கால்சியமும் வீழ்படிந்து அமிலத்தையும் இழுத்துக்கொண்டு போகும்.

நைட்ரிக் அமில பாட்டில்

நைட்ரிக் அமிலம் சேர்த்த மாதிரி உலோகச் சோதனைக்கு மட்டும். பீனால் அதில் நைட்ரோபீனாலாகிவிடக்கூடும்.

டைக்குளோரோமீத்தேன் சாற்றை முழுக்க உலர்த்துவது

மெல்லிய நைட்ரஜன் ஓட்டத்தில் ஆவியாக்கி, 1 மி.லி. மிஞ்சும்போது நிறுத்துங்கள்.

மென்பொருள் நூலகம் சொன்ன பெயரை நம்புவது

நாப்தெனிக் அமிலங்கள் ஜிசி-எம்எஸ்ஸில் (வாயு குரோமடோகிராபியோடு நிறை நிரலியல்) தனித்தனிச் சிகரமாக வராது. ஒரே மேடாக எழும். மேட்டின் மேல் கூர்மையாக நிற்கும் சிகரத்துக்கு மென்பொருள் ஒரு பெயர் தரும், பலமுறை பால்மிட்டிக் அல்லது ஸ்டியரிக் அமிலம். சோப்பிலிருந்தும் கைவிரலிலிருந்தும் வருபவை இவை. கருவியில் எளிதில் ஆவியாக அமிலத்தில் டெர்ட்-பியூட்டில்டைமெத்தில்சிலைல் தொகுதியை ஏற்றியிருந்தால், நிறை எண் 313, 341 உள்ள அயனிகளில் தெரியும். வெற்று மாதிரியிலும் (கழிவுநீர் இல்லாமல் அதே வழியில் ஓட்டியது) அவை இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

எஃப்டிஐஆர் (அகச்சிவப்பு நிரலியல்) எண்ணை நாப்தெனிக் என்று எழுதுவது

1743, 1706 அலையெண்களில் எல்லாக் கார்பாக்சிலும் எண்ணப்படும். அது மொத்த அமிலம்.